கனகாம்பரம் வளர்க்கலாம் வாங்க: முதல் தடவை பூச்செடி வைக்கறவங்களுக்கு

வீட்டுல பூச்செடி வைக்கணும்னு ஆசைப்பட்டு நர்சரிக்கு போறவங்க கை நேரா ரோஜா பக்கம்தான் போகும். தப்பு இல்ல, ஆனா ரோஜாவுக்கு வாரா வாரம் ஏதாவது ஒரு வேலை இருந்துட்டே இருக்கும், நாலு நாள் ஊருக்கு போயிட்டு வந்தா மூஞ்சிய தூக்கி வச்சுக்கும். முதல் செடியா எதை வைக்கறதுன்னு யார் கேட்டாலும் நான் சொல்றது கனகாம்பரம்தான். வாசனை இல்லாத பூவா, பழைய காலத்து பூவான்னு உதட்ட பிதுக்கறவங்க இருக்காங்க, இருக்கட்டும். அடக்கமா வளரும், இடம் கம்மியா கேக்கும், தினமும் கொஞ்சமாவது பூ குடுக்கும், தொடங்கறவங்களுக்கு வேற என்ன வேணும்.

இது நம்ம ஊரு செடி, பேச்சுக்கு சொல்லல, தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதோட பிறந்த இடம். காட்டுல மரத்துக்கு அடியில, அங்கங்க வெயில் விழுற அரை நிழல்ல தானா வளர்ற ஜாதி, அதனால நம்ம 35 டிகிரி வெயில் இதுக்கு ஒண்ணும் புதுசு இல்ல. ஆடாதோடை, நிலவேம்பு, டிசம்பர் பூ எல்லாம் இதோட சொந்தக்காரங்க, ஒரே குடும்பம். தரையில வச்சா மூணு அடி வரைக்கும் போகும், தொட்டில ரெண்டு அடிக்குள்ள நின்னுடும். நாத்து நட்டு ரெண்டு மூணு மாசத்துல பூக்க ஆரம்பிச்சா அப்புறம் வருஷம் முழுக்க பூதான், அடைமழை சமயத்துலயும் மார்கழி குளிர்லயும் மட்டும் கொஞ்சம் கம்மியாகும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் மண்டையில ஏத்திக்கோங்க. இந்த செடி தண்ணி இல்லாம சாகறத விட வேர்ல தண்ணி தேங்கி சாகறதுதான் அதிகம். கீழ நான் சொல்லப் போறதுல பாதி இதை சுத்தியேதான் வரும், திரும்ப திரும்ப சொல்றானேன்னு நினைக்காதீங்க.

எந்த கனகாம்பரம் வாங்கறது

நர்சரில போர்டுல கிராஸாண்ட்ரான்னு எழுதியிருந்தாலும் கனகாம்பரம்னு கேட்டாலே எடுத்து குடுப்பாங்க. அங்க பொதுவா நாலு தினுசு கண்ணுல படும். ஒண்ணு, நம்ம பாட்டி வீட்டு கொல்லையில இருந்த சாதா ஆரஞ்சு, நாட்டு கனகாம்பரம். அடுத்தது மஞ்சள். மூணாவது செபாகுலிஸ்னு ஒரு சிவப்பு. நாலாவது டெல்லி கனகாம்பரம், பூ கொஞ்சம் பெருசா, ஆழமான ஆரஞ்சு கலர்ல, பாத்தவுடனே வாங்கணும்னு தோணற மாதிரி இருக்கும். இது போக பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா அம்பரா, அர்கா கனகா மாதிரி ரகங்களும் இருக்கு, அது எல்லா நர்சரிலயும் கிடைக்காது.

டெல்லி ரகத்த பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும், அது விதை வைக்காது. அதோட குரோமோசோம் மூணு மூணு செட்டா இருக்கறதால விதை கட்டாது, குச்சி வெட்டி நட்டுதான் பெருக்கறாங்க. விதைக்கு சத்து போகாததால பூ நிறைய வரும், அது லாபம்தான். ஆனா முதல் தடவைக்கு நாட்டு ஆரஞ்சே வாங்குங்கன்னுதான் சொல்வேன், ஏன்னா அது விதை கட்டும், ஒரு செடி செத்தா கூட தொட்டிக்கடியில ரெண்டு குட்டி முளைச்சு நிக்கும், உங்களுக்கும் மனசு விடாது. டெல்லிய ரெண்டாவது செடியா வாங்கிக்கலாம்.

கவர்ல இருக்கற செடிய எப்படி பாத்து எடுக்கறதுன்னா, நிறைய பூத்திருக்கறத எடுக்காதீங்க. பூவ பாத்து ஏமாந்துதான் எல்லாரும் ஒத்தை குச்சியா நீண்டு போன செடிய தூக்கிட்டு வர்றாங்க. கீழ இருந்தே நாலஞ்சு கிளை வெடிச்சு, இலை கரும்பச்சையா பளபளன்னு இருக்கற குட்டை செடியா எடுங்க. இலைய திருப்பி அடிப்பக்கம் பாருங்க, காம்பு சேர்ற இடத்துல வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தா மாவுப்பூச்சி, அங்கேயே வச்சுட்டு வாங்க. முடிஞ்சா கவர் அடியில இருக்கற ஓட்டை வழியா வேர் தெரியுதான்னு பாருங்க, வெள்ளையா இருந்தா நல்ல வேர், கருப்பா அழுகின மாதிரி இருந்தா வேண்டாம். நர்சரிக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பாத்துட்டு போகட்டும்.

எங்க வைக்கறது

கிழக்கு பாத்த இடம் கிடைச்சா அதுதான் பெஸ்ட், காலையில ஒரு நாலஞ்சு மணி நேரம் வெயில் பட்டு மத்தியானம் சுவர் நிழலோ மர நிழலோ விழணும். முழு வெயில்லயும் வளரும், வயல்ல எல்லாம் வெட்டவெளியிலதான் போடறாங்க, ஆனா மாடில தொட்டில வைக்கும்போது கான்கிரீட் சூடும் சேர்ந்துக்கும், சித்திரை வைகாசில இலை வெளுத்து ஓரம் கருகும், அந்த ரெண்டு மாசம் மட்டும் பச்சை வலைக்கு கீழயோ வேற பெரிய செடி நிழலுக்கோ நகர்த்திடுங்க. ஃப்ளாட் பால்கனில இருக்கறவங்க கேக்கற கேள்வி, வெயிலே வராது, வளருமா? வளரும், இலை இலையா நல்லாவே வளரும், பூதான் வராது. குறைஞ்சது மூணு மணி நேர நேர் வெயில் இல்லாத இடத்துல கனகாம்பரத்த வச்சுட்டு பூ வரலன்னு உரத்த அள்ளி கொட்டறதுல அர்த்தமே இல்ல.

தொட்டியும் மண்ணும்

ஒரு செடிக்கு 10 இல்ல 12 இன்ச் தொட்டி போதும், க்ரோ பேக்கா இருந்தாலும் அதே அளவு. பெரிய தொட்டில வச்சா சீக்கிரம் பெருசாகும்னு நினைச்சு 18 இன்ச் தொட்டில குட்டி நாத்த வைக்கறாங்க, சின்ன வேர் உறிஞ்ச முடியாத அளவுக்கு மண்ணுல ஈரம் நிக்கும், அதுதான் இந்த செடிக்கு ஆகாதது. தொட்டி அடியில கண்டிப்பா மூணு நாலு ஓட்டை இருக்கணும். ஒத்த ஓட்டை இருக்கற பிளாஸ்டிக் தொட்டின்னா கம்பிய சூடு பண்ணி இன்னும் ரெண்டு போட்டுக்கோங்க. அடியில தட்டு வைக்கற பழக்கம் இருந்தா தட்டுல தேங்கற தண்ணிய அப்பப்ப கொட்டிடணும், இல்ல தட்டே வேண்டாம், ரெண்டு ஓடு வச்சு தொட்டிய தூக்கி வச்சிருங்க, அடியில காத்து போகட்டும்.

மண் கலவை ரொம்ப யோசிக்க வேண்டாம். செம்மண் ரெண்டு பங்கு, ஆத்து மணல் இல்ல கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு, மக்கின தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, தொட்டிக்கு ரெண்டு கை வேப்பம்புண்ணாக்கு. இதுல மணலா கோகோபீட்டான்னா, மழை அதிகமா அடிக்கற இடத்துல மணல், மொட்டை மாடி வெயில்னா கோகோபீட். வேப்பம்புண்ணாக்கு மட்டும் விட்றாதீங்க, அது உரத்துக்காக இல்ல, ஏன்னு பின்னாடி வரும். உங்க வீட்டு மண்ணு களிமண்ணா இருந்தா, கையில பிடிச்சு உருட்டுனா உருண்டையா நிக்கும் பாருங்க அந்த மண்ணு, அதுல மணல் பங்க இன்னும் கூட்டிக்கோங்க.

தரையில வைக்கறவங்களுக்கு, செடிக்கு செடி ஒரு அடி, வரிசைக்கு வரிசை ரெண்டு அடி. வாசல் பாதை ஓரமா ஒரே வரிசையா வச்சா வேலி மாதிரி அடர்த்தியா நிக்கும், பாக்க அழகா இருக்கும். தரைமட்டத்துக்கு அரை அடி மேடா மண்ண ஏத்தி அதுல நடுங்க, மழைத்தண்ணி வடிஞ்சு ஓடணும்.

நடற முறை

ஆடி ஆவணில நடறது நல்லது, ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி வேர் பிடிச்சுக்கும். அத விட்டா தை மாசி. நடுமழைக்காலத்துல நடாதீங்க, அக்னி நட்சத்திரத்துலயும் வேண்டாம்.

சாயங்காலமா நடுங்க. நர்சரி கவருக்கு முந்தின நாளே கொஞ்சம் தண்ணி விட்டு வச்சா மண் கட்டி உடையாம கழண்டு வரும். கவர இழுக்காம பிளேடு வச்சு பக்கவாட்டுல கிழிச்சு எடுங்க. நர்சரி மண்ணு பாதி நேரம் செங்கல் மாதிரி இறுகி கிடக்கும், அப்படியே குழியில வச்சா வெளிய விடற தண்ணி உள்ள இறங்காது, அதனால கட்டியோட ஓரத்த மட்டும் விரலால மெதுவா உதுத்து விட்டு நடுங்க, வேர பிச்சு எறிய வேண்டாம். கவர்ல எந்த மட்டம் வரைக்கும் மண் இருந்துச்சோ அதே மட்டம்தான் தொட்டிலயும், தண்டு புதைஞ்சா அழுகும். நட்டதும் சுத்தி மெதுவா அமுக்கி, அடி ஓட்டையில தண்ணி வர்ற வரைக்கும் ஊத்தி, ஒரு வாரம் நிழல்ல வைங்க. ரெண்டு மூணு இலை பழுத்து விழும், பயந்துடாதீங்க.

புது இலை விட ஆரம்பிச்சதும் ஒரு சின்ன வேலை, நுனிய கிள்ளி விடணும். நல்லா தழைஞ்சு வர்ற நுனிய கிள்ள மனசு வராதுதான், ஆனா கிள்ளுன இடத்துக்கு கீழ இருக்கற ரெண்டு இலை கக்கத்துலயும் ரெண்டு கிளை வரும், ஒவ்வொரு கிளை நுனிலயும் ஒரு பூக்கதிர் வரும். கிளை எத்தனையோ பூ அத்தனை. செடி குட்டையா உருண்டையா நிக்கறதும் இப்ப கிள்றதுலதான் இருக்கு.

தண்ணி

தினமும் காலையில ஒரு மக் தண்ணின்னு டைம்டேபிள் போட்டு ஊத்தறவங்க வீட்டுலதான் கனகாம்பரம் சாகுது. விரல மண்ணுல ரெண்டு கணு அளவுக்கு உள்ள விட்டு பாருங்க. ஈரம் ஒட்டுச்சுன்னா இன்னிக்கு வேண்டாம், காஞ்சிருந்தா அடியில வடியற வரைக்கும் நல்லா ஊத்துங்க. கோடையில மாடி தொட்டிக்கு தினமும் தேவைப்படலாம், மத்த நேரத்துல ரெண்டு நாளைக்கு ஒரு தடவை, தரையில வச்ச செடின்னா வாரத்துக்கு ரெண்டு தடவையே ஜாஸ்தி. மழைக்காலத்துல தொட்டிய ஒரு பக்கமா லேசா சாய்ச்சு வச்சா கூட நல்லதுதான்.

ஒரு அடையாளம் சொல்றேன், இத தெரிஞ்சுகிட்டா பாதி பிரச்சனை தீர்ந்துச்சு. மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல இலை எல்லாம் துவண்டு தொங்கும், உடனே வாளிய தூக்கிட்டு ஓடாதீங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு பாருங்க, தானா நிமிர்ந்திருந்தா செடி நல்லா இருக்கு, வெயிலுக்கு இலைய சுருக்கிக்கிச்சு அவ்வளவுதான். சாயங்காலமும் நிமிரல, மண்ணும் காஞ்சிருக்குன்னா தண்ணி தாகம். மறுநாள் காலையில குளிர்ச்சியான நேரத்துலயும் தொங்கிட்டே இருக்கு, மண்ணு தொட்டா சதசதன்னு ஈரமா இருக்குன்னா வேர் அழுகுதுன்னு அர்த்தம், அந்த நேரத்துல இன்னும் தண்ணி ஊத்தறது கடைசி பால் ஊத்தற மாதிரிதான்.

உரம்

இதுக்கு தீனி ரொம்ப வேண்டாம். மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு கை மண்புழு உரம் தூவி மேல் மண்ண லேசா கொத்தி விட்டா போதும். பூ இன்னும் கூட வேணும்னா கடலைப்புண்ணாக்கு 50 கிராம் ஒரு லிட்டர் தண்ணில மூணு நாள் ஊற வச்சு, அத பத்து மடங்கு தண்ணி கலந்து இருபது நாளைக்கு ஒரு தடவை ஊத்துங்க. நாத்தம் தாங்காது, பக்கத்து வீட்டு ஆளுங்க தூங்கற நேரமா பாத்து ஊத்திக்கோங்க. பஞ்சகவ்யா கிடைச்சா லிட்டருக்கு 30 மில்லி கலந்து இலைல தெளிக்கலாம். யூரியாவ கொண்டு வந்து கொட்டறது எல்லாம் வேண்டவே வேண்டாம், இலை மட்டும் தடதடன்னு வரும், பூச்சியும் கூடவே வரும்.

இலை மஞ்சளாகுதுன்னு உரம் போடறதுக்கு முன்னாடி எந்த இலைன்னு பாருங்க. அடி இலை மஞ்சளாகி விழுந்தா வயசாகி இருக்கும், இல்ல தண்ணி ஜாஸ்தி. நுனில வர்ற குருத்து இலை வெளிர் மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா தெரிஞ்சா அது இரும்புச்சத்து குறைவு. போர் தண்ணி உப்பா இருக்கற ஏரியாக்கள்ல இது ரொம்ப சகஜம், மண்ணு காரத்தன்மை ஏறிடும், மண்ணுல இரும்பு இருந்தாலும் செடியால எடுத்துக்க முடியாது. உரக்கடையில அன்னபேதி உப்புன்னு கேட்டு வாங்கி லிட்டருக்கு 5 கிராம் கரைச்சு சாயங்காலமா இலைல தெளிங்க, பதினஞ்சு நாள் விட்டு இன்னொரு தடவை. தரையிலயும் சுவத்துலயும் பட்டா துரு கறை பிடிக்கும், போகாது, தள்ளி வச்சு அடிங்க. மழைத்தண்ணி பிடிச்சு வைக்க முடிஞ்சவங்க அப்பப்ப அத ஊத்தினாலே பாதி சரியாகும்.

பூ பறிக்கறதும் கதிர் வெட்டறதும்

கனகாம்பர கதிர பக்கத்துல வச்சு என்னிக்காவது பாத்திருக்கீங்களா? நாலு பட்டையா, பச்சை செதில் செதிலா அடுக்கி இருக்கும், ஒவ்வொரு செதிலுக்கும் உள்ள ஒரு மொட்டு. கீழ இருந்து மேல ரெண்டு ரெண்டா விரிஞ்சுட்டே போகும், ஒரு கதிர் முழுசா பூத்து முடிக்க ரெண்டு மூணு வாரம் ஆகும். பூவ பாத்தா மெல்லிசா ஒரு குழல், அது நுனில ஒரே பக்கமா விரிஞ்ச இதழ், பாதியா வெட்டுன விசிறி மாதிரி. பறிக்கும்போது இதழ பிடிச்சு இழுத்தா கிழிஞ்சுடும், குழலோட சேர்த்து பிடிச்சு மேல் பக்கமா மெதுவா உருவணும், வழுக்கிட்டு வந்துடும். அந்த குழல் இருந்தாதான் கட்ட முடியும்.

காலையில வெயில் ஏர்றதுக்கு முன்னாடி பறிங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிச்சாலும் பூ செடிலயே வாடாம இருக்கும், மல்லிப்பூ மாதிரி அன்னிக்கே எடுத்தாகணும்ங்கற அவசரம் இல்ல. ஒத்த செடில சரம் கட்டற அளவுக்கு வராது, தலைக்கு வைக்கணும்னா ஆறேழு செடி வேணும். பூ அவ்வளவு லேசு, ஒரு கிலோவுக்கு கிட்டத்தட்ட 15,000 பூ பிடிக்கும்னு கணக்கு சொல்வாங்க, அத்தனையும் ஒண்ணொண்ணா கையால உருவினது. முகூர்த்த நாள்ல மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல கனகாம்பரம் விலைய கேட்டுட்டு வாய பொளக்கறவங்க இத ஒரு நிமிஷம் யோசிக்கணும். வாசனை இல்லாத குறைக்கு நடுநடுவுல மரிக்கொழுந்தோ ரெண்டு மல்லியோ சேர்த்து வாழைநார்ல கட்டுனா போதும், கலரும் ஆச்சு மணமும் ஆச்சு.

இப்ப முக்கியமான வேலை. கதிர்ல பூ எல்லாம் முடிஞ்சதும் அந்த பச்சை கதிர் அப்படியே நிக்கும், அழகாத்தான் இருக்கும், நிறைய பேர் விட்டுடறாங்க. விட்டா செடி விதை கட்ட ஆரம்பிச்சுடும், புதுக்கதிர் விடறது குறைஞ்சு போகும். பூ முடிஞ்ச கதிர அதோட காம்போட சேர்த்து கீழ இருக்கற முதல் ஜோடி இலைக்கு மேல வெட்டி விடுங்க. அந்த இலை கக்கத்துல இருந்து ரெண்டு கிளை வரும். கனகாம்பரத்துக்கு வாரத்துல பத்து நிமிஷம்தான் வேலைன்னு வச்சா அந்த பத்து நிமிஷமும் கத்திரிய வச்சுகிட்டு இதத்தான் பண்ணணும். வருஷத்துக்கு ஒரு தடவை, மழை முடிஞ்சு தை மாசம் வாக்குல, செடிய மூணுல ஒரு பங்கு குறைச்சு வெட்டி, கொஞ்சம் உரம் வச்சு விட்டா கோடையில புதுசா தழைச்சு நிக்கும்.

நோய், பூச்சி

பூச்சி பெரிய தலைவலி இல்ல. மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ இதுதான் வரும். ஆரம்பத்துலயே தண்ணிய பீய்ச்சி அடிச்சு, வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, அது தண்ணில கலக்கறதுக்கு ரெண்டு சொட்டு சோப்பு கரைசல், நல்லா குலுக்கி சாயங்காலமா இலை அடிப்பக்கம் நனையற மாதிரி அடிங்க. வாரம் ஒரு தடவைன்னு மூணு வாரம் விடாம பண்ணணும், ஒரு தடவை அடிச்சுட்டு போகலன்னு சொல்லக் கூடாது. எறும்பு வரிசை கட்டி ஏறுச்சுன்னா மேல மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்குன்னு அர்த்தம்.

நிஜமான எதிரி மண்ணுக்குள்ள இருக்கு. ஒண்ணு வாடல் நோய், ஃபுசேரியம்னு ஒரு பூஞ்சை. இன்னொண்ணு நூற்புழு, கண்ணுக்கே தெரியாத புழு, வேர குத்தி உறிஞ்சும். நூற்புழு இருக்கற செடி உடனே சாகாது, இலை சின்னதாகிட்டே போகும், வெளுத்து மஞ்சளடிக்கும், வளர்ச்சி நின்னு போகும், நீங்க உரம் மேல உரமா போட்டுட்டு இருப்பீங்க. பிடுங்கி பாத்தா வேர்ல கருப்பு கருப்பா புண்ணு இருக்கும், சிலதுல முடிச்சு முடிச்சா இருக்கும். நூற்புழு குத்துன புண்ணு வழியா பூஞ்சை சுலபமா உள்ள போகும், அதனால ரெண்டும் ஜோடியாத்தான் வந்து நிக்கும். வயல்ல கனகாம்பரம் போடற விவசாயிகளுக்கே இதுதான் பெரிய தொல்லை.

வந்த பிறகு வைத்தியம் பண்றது கஷ்டம், வராம பாத்துக்கறதுதான் சுலபம். வேப்பம்புண்ணாக்க விடாதீங்கன்னு மேல சொன்னது இதுக்குத்தான், மூணு மாசத்துக்கு ஒரு தடவை தொட்டிக்கு ஒரு கை போட்டு கிளறி விடுங்க. உரக்கடைலயும் வேளாண்மை விரிவாக்க மையத்துலயும் டிரைகோடெர்மா விரிடி, சூடோமோனாஸ்னு பவுடரா கிடைக்கும், நல்லது பண்ற நுண்ணுயிர்கள், மக்கின எருவுல கலந்து ஈரத்தோட ஒரு வாரம் நிழல்ல வச்சிருந்து நடும்போது மண்ணுல சேர்த்தா வேர சுத்தி காவல் நிக்கும். பக்கத்துலயே ரெண்டு துலுக்க சாமந்தி வச்சு விடுங்க, அதோட வேர்ல இருந்து வர்ற சத்து நூற்புழுவுக்கு ஆகாது, தோட்டத்துக்கும் அழகு.

செடி வாடல்ல போயிடுச்சுன்னா அதே தொட்டி மண்ணுல இன்னொரு கனகாம்பரத்த மட்டும் வைக்காதீங்க, அதுவும் போகும். செடிய வேரோட எடுத்து குப்பைல போடுங்க, கம்போஸ்ட் தொட்டில போடாதீங்க. அந்த மண்ண கொட்டி பரப்பி, நனைச்சு, கண்ணாடி மாதிரி தெரியற பாலித்தீன் ஷீட்டால ஓரமெல்லாம் மூடி, கோடை வெயில்ல நாலு அஞ்சு வாரம் வச்சா வர்ற சூட்டுல புழுவும் பூஞ்சையும் பெருமளவு அடங்கும், கருப்பு ஷீட்ட விட கண்ணாடி ஷீட்லதான் சூடு நல்லா ஏறும். அப்பக்கூட அதுல கீரையோ வேற எதுவோ போட்டுட்டு கனகாம்பரத்த வேற மண்ணுல வைங்கன்னுதான் சொல்வேன்.

விதையும் குச்சியும்

நாட்டு கனகாம்பரம் நல்லா வச்சா ரெண்டு மூணு வருஷம் ஜோரா இருக்கும், அப்புறம் அடித்தண்டு கட்டையாகி பூ குறையும். அதுக்குள்ள அடுத்த தலைமுறைய தயார் பண்ணிடணும், செலவே இல்லாம.

விதைக்கு, நல்லா பூக்கற செடில ரெண்டு மூணு கதிர மட்டும் வெட்டாம விட்டு வைங்க. அது காஞ்சு பழுப்பா ஆகும், ஒவ்வொரு செதிலுக்குள்ளயும் ஒரு காய், காய்க்கு நாலு விதை வரைக்கும் இருக்கும். இந்த காய்ல தண்ணி பட்டா டிக்னு வெடிச்சு விதை நாலா பக்கமும் தெறிக்கும், சின்ன வயசுல பட்டாசுக்காய தண்ணில போட்டு விளையாடி இருப்பீங்களே, அதுவும் இந்த குடும்பம்தான், அதே வேலைதான். அதனால மழைக்கு முன்னாடி, நல்ல வெயில் நேரத்துல கதிர வெட்டி ஒரு துணிப்பைக்குள்ள போட்டுடணும். விதை வேணும்ங்கறப்ப ஒரு பெரிய டப்பாவுல கதிர போட்டு லேசா தண்ணி தெளிச்சு உடனே மூடிடுங்க, உள்ள சடசடன்னு வெடிக்கற சத்தம் கேக்கும், வீட்டுல குட்டிப் பசங்க இருந்தா கூப்பிட்டு காட்டுங்க. விதைய சுத்தி சின்ன சின்ன செதில் இருக்கும், ஈரம் பட்டா வழவழன்னு ஆகி மண்ணுல ஒட்டிக்கும்.

அந்த விதைய கோகோபீட்டும் மண்புழு உரமும் கலந்த ட்ரேல கால் இன்ச் ஆழத்துல போட்டு, ஈரம் காயாம நிழல்ல வைங்க. எல்லாம் ஒரே நாள்ல முளைக்காது, ரெண்டு வாரத்துல சிலது, ஒரு மாசம் கழிச்சு சிலதுன்னு அதது இஷ்டத்துக்கு வரும், ட்ரேய சீக்கிரம் தூக்கி கொட்டிடாதீங்க. குளிர்ல முளைக்கவே யோசிக்கும், மார்கழில போட்டுட்டு காத்திருக்க வேண்டாம். ரெண்டு மாசத்து நாத்து, ஆறேழு இலையோட, தொட்டிக்கு மாத்தலாம்.

குச்சின்னா, பூ இல்லாத கிளையா, ரொம்ப இளசும் இல்லாம கட்டையும் இல்லாம நாலு இன்ச்சுக்கு கணுவுக்கு கீழ வெட்டி, அடி இலைய எடுத்துட்டு மேல ரெண்டு இலைய மட்டும் விட்டு, ஈர மணல்ல குத்தி வைங்க. மேல ஒரு பாலித்தீன் கவர கவுத்து விட்டா ஈரம் நிக்கும், நிழல்ல இருந்தா மூணு நாலு வாரத்துல வேர் விடும். டெல்லி ரகத்துக்கு இந்த வழி மட்டும்தான். வாடல் இருந்த செடில இருந்து மட்டும் குச்சி எடுக்காதீங்க, நோயும் கூடவே வரும். விதைய எடுத்து வைக்கறவங்க காத்து போகாத டப்பாவுல ஈரம் படாம வச்சு அந்த வருஷத்துக்குள்ளயே போட்டுடுங்க, பழசாக பழசாக முளைப்பு குறையும்.